‘சுருக்குக’ என்னும் வீட்டுக்கணக்கு

பள்ளிப் பிள்ளைகளின் கணக்கு ஏட்டைப் புரட்டிப் பார்த்தால் ‘சுருக்குக’ என்னும் ஒற்றைச் சொல்லைத் தலைப்பாகக்கொண்ட கணக்குகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். சொல் சிறியது, ஆயினும் பல இல்லங்களில் மாலை நேரத்து அமைதியைக் குலைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஐந்தாம் வகுப்பு வரையில் தாய் உடன் அமர்ந்து வாய்பாடு ஒப்பிக்கச் செய்கிறாள். தந்தை கூட்டலையும் கழித்தலையும் சரிபார்க்கிறார். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பில் இயற்கணிதம் அறிமுகமாகிறது. ஏழாம், எட்டாம் வகுப்புகளில் விரிந்து வளர்கிறது. எண்கள் நின்ற இடத்தில் எழுத்துகள் வந்து அமர்ந்தவுடன் பெற்றோர் எழுந்துவிடுகின்றனர். “இஃது எனக்குத் தெரியாதப்பா, வாத்தியாரையே கேட்டுக்கொள்” என்று சொல்லிவிடுகின்றனர்.

செங்கற்பட்டின் தெருக்களிலும், கோவளம் தொடங்கி மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரையில் நீளும் கடற்கரை ஊர்களிலும், குடும்பத்திலேயே முதன்முதலாக எட்டாம் வகுப்பை எட்டிப் பார்க்கும் பிள்ளைகள் பலர் உள்ளனர். அப்பிள்ளை வீட்டில் கேட்டறிய ஒருவருமில்லை என்று உணரும் நாளில், கணக்கு ஏட்டைப் பையிலிருந்து எடுப்பதையே விட்டுவிடுகிறது. மறுநாள் வகுப்பில் பிறர் ஏட்டைப் பார்த்து எழுதுகிறது. மெல்ல மெல்ல, ‘எனக்குக் கணக்கு வராது’ என்று தனக்குத் தானே ஒரு தீர்ப்பும் எழுதிக்கொள்கிறது. பதின்மூன்று வயதில் எழுதப்படும் இத்தீர்ப்பு வாழ்நாள் முழுவதும் நிற்கக்கூடியது. அதனைத் தடுப்பதற்குப் பெற்றோர் இயற்கணிதம் கற்றிருக்கவேண்டும் என்பதில்லை. அஃது எவ்வாறு என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் ‘சுருக்குதல்’ என்றால் என்ன என்று தெளிவாக்கிக் கொள்வோம். அன்றாட வழக்கில் செலவைச் சுருக்குகிறோம், பேச்சைச் சுருக்குகிறோம். அங்கெல்லாம் ஏதோ ஒன்று குறைகிறது. ஆகவே பிள்ளையும், கணக்கில் எதையாவது குறைத்தாக வேண்டும், கடைசியில் ஒரே ஓர் உறுப்பு மிஞ்சினால்தான் விடை என்று எண்ணிக்கொள்கிறது. பிழைகளிற் பெரும்பாலானவை இவ்வெண்ணத்திலிருந்து பிறப்பவை.

மாமல்லபுரத்து ஐந்து இரதங்களை எல்லோரும் கண்டிருப்பீர்கள். பல்லவர் காலத்துச் சிற்பிகள் பாறையில் வேண்டாதவற்றைச் செதுக்கி நீக்க, வேண்டியது உருவாய் நின்றது. செதுக்கிய கல் மீண்டும் பாறையில் ஒட்டாது. இயற்கணிதத்தில் சுருக்குதல் அத்தகையதன்று. இங்கு ஒரு துகளும் உதிரக்கூடாது. உருவம் எளிதாகலாம், மதிப்பு மாறக்கூடாது. நூறு ரூபாய்ச் சில்லறையைக் கொடுத்து ஒரே நோட்டாக மாற்றிக்கொள்வதைப் போன்றது அது. கைக்கு எளிதாயிற்று, பணம் குறையவில்லை. ‘மதிப்பு மாறாமல் உருவத்தை எளிதாக்குதல்’ என்பதே சுருக்குதலின் முழுப்பொருள். இவ்வொன்றைப் பிள்ளையின் மனத்தில் பதித்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது எனலாம்.

அடுத்து, எழுத்துகளைப் பற்றி ஒரு சொல். பாடநூல்களில் எக்ஸ், ஒய் முதலிய ஆங்கில எழுத்துகள் வருகின்றன. இவ்வுரையில் நான் ந, ப, ல என்னும் தமிழ் எழுத்துகளைப் பயன்படுத்துகிறேன். அ, க ஆகியவற்றை விட்டதற்குக் காரணம் உண்டு. பழைய தமிழ் எண்களில் ‘க’ என்பது ஒன்றையும் ‘அ’ என்பது எட்டையும் குறித்தன. அங்கு எழுத்தின் மதிப்பு என்றும் நிலையானது. இயற்கணித எழுத்தின் மதிப்போ இன்று ஐந்தாக இருக்கலாம், நாளை ஐம்பதாக இருக்கலாம். அதனாலேயே அதற்கு ‘மாறி’ என்று பெயர். பழைய வடமொழிக் கணித நூலார் அறியாத எண்ணை ‘யாவத்-தாவத்’ என்று வழங்கினர். ‘எவ்வளவோ அவ்வளவு’ என்பது அதன் பொருள். எழுத்து என்பது ஒரு பொருளின் பெயரன்று, ஓர் எண்ணிக்கையின் பெயர் என்பதை இதைக் காட்டிலும் தெளிவாகச் சொல்ல முடியாது.

இனி ஓர் எடுத்துக்காட்டு. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க, கண்ணாற் காண்பதிலிருந்து கருத்தாற் காண்பதற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் முதலிற் கற்பிக்கப்படும் பாடம். ஆகவே கடற்கரைக்கே செல்வோம். ஒரு கூடையில் எத்தனை மீன்கள் என்று நமக்குத் தெரியாது. எல்லாக் கூடைகளிலும் ஒரே எண்ணிக்கை என்பது மட்டும் தெரியும். அவ்வெண்ணிக்கையை ந என்போம். மூன்று கூடைகளும், தனியே ஐந்து மீன்களும் கரைக்கு வந்துள்ளன. மொத்தம் 3ந + 5 மீன்கள். இதைச் சுருக்கச் சொன்னால் பிள்ளை தயங்காமல் 8ந என்று எழுதும். மூன்றும் ஐந்தும் எட்டு என்பது அதன் நியாயம்.

இங்கே, இயற்கணிதம் அறியாத தாயும் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. “கூடைக்குப் பத்து மீன் என்று வைத்துக்கொண்டு எண்ணிப் பார், கண்ணு” என்று சொன்னாற் போதும். மூன்று கூடையில் முப்பது, தனியே ஐந்து, ஆக முப்பத்தைந்து. பிள்ளை எழுதிய 8ந என்ற விடைப்படியோ எட்டுக் கூடை, எண்பது மீன்கள். முப்பத்தைந்து மீன்கள் ஏட்டில் எண்பதாகப் பெருகிவிட்டன. இதைக் கண்டு பிள்ளை தானே சிரித்துவிடும். தனி மீன்கள் ஐந்தும் ஐந்து கூடைகளாகிவிட்டன என்பது அதற்கே புலப்படும். 3ந + 5 என்பதை இதற்குமேல் சுருக்க இயலாது. ‘கூட்டற்குறி இன்னும் நிற்கிறதே’ என்று கவலைப்பட வேண்டியதில்லை. அதுவே முடிந்த விடை.

இன்னொரு படகில் இரண்டு கூடைகளும் ஏழு மீன்களும் வருகின்றன என்க. இப்போது 3ந + 5 + 2ந + 7. கூடைகளைக் கூடைகளோடும் தனி மீன்களைத் தனி மீன்களோடும் சேர்த்தால் 5ந + 12. இவ்வாறு சேரத்தக்கவற்றை ஒத்த உறுப்புகள் என்றும், சேராதவற்றை மாறுபட்ட உறுப்புகள் என்றும் பாடநூல் கூறுகிறது. எழுத்துக்கு முன் நிற்கும் எண்ணுக்குக் கெழு என்று பெயர். ஒத்த உறுப்புகளில் கெழுக்களை மட்டும் கூட்டுகிறோம்; எழுத்து அப்படியே நிற்கிறது.

பெரிய கூடைகளும் கலந்து வந்தால் என்ன செய்வது? சிறிய கூடையில் ந மீன்கள், பெரிய கூடையில் ல மீன்கள் எனக் கொள்வோம். 3ந + 2ல + ந + 4ல என்பது 4ந + 6ல ஆகும். அதற்கு மேல் 10நல என்று எழுதுவது பொருந்தாது. ந-வுக்கு 5-உம் ல-வுக்கு 3-உம் இட்டுப் பாருங்கள். முதற்கோவை 15 + 6 + 5 + 12, அதாவது 38. நம் விடை 20 + 18, அதுவும் 38. 10நல என்பதோ பத்து, ஐந்து, மூன்று ஆகியவற்றின் பெருக்கல்; 150 ஆகிவிடும். இவ்விதி புதியதன்று. 1150-இல் இயற்றப்பட்ட சித்தாந்த சிரோமணியின் ஒரு பகுதியாகிய பீஜகணிதத்தில் இரண்டாம் பாஸ்கரர், ஓரினத்தவற்றையே கூட்டவும் கழிக்கவும் வேண்டும், வேறினத்தவற்றைத் தனித்தனியே நிறுத்தவேண்டும் என்று வகுத்துள்ளார். வெவ்வேறு மாறிகளைக் கருமை, நீலம், மஞ்சள் என நிறப்பெயர்களாற் குறிப்பதும் அக்காலத்து வழக்கம்.

மீன்கூடை கடற்கரைக்கு உரியது. கோலமோ எல்லா இல்லத்து வாசலுக்கும் உரியது. ‘ஏழு புள்ளி, ஐந்து வரை, இடைப்புள்ளி’ என்று பெண்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நடுவரிசையில் ஏழு புள்ளிகள், அதன் இருபுறமும் ஆறாறு, அவற்றிற்கப்பால் ஐந்தைந்து. மொத்தம் 29 புள்ளிகள். நடுவரிசையில் எத்தனை என்று முடிவு செய்யாமல் ந என்று விட்டுவிட்டு, இருபுறமும் இரண்டிரண்டு வரிசைகள் வைத்தால் புள்ளிகளின் தொகை ந + 2(ந − 1) + 2(ந − 2) ஆகும். இதை விரித்தால் ந + 2ந − 2 + 2ந − 4. ஒத்தவற்றைச் சேர்த்தால் 5ந − 6. ந-வுக்கு 7 இட்டால் 35 − 6 = 29. வாசலில் எண்ணியதும் 29. ஒன்பது புள்ளியில் தொடங்கினால் 45 − 6 = 39; புள்ளிகளை எண்ணிப் பாருங்கள், 39 இருக்கும். நீண்ட கோவையும் குறுகிய கோவையும் ஒரே கோலத்தின் இரண்டு பெயர்கள் என்பதை இதனினும் தெளிவாக ஒரு கரும்பலகையில் காட்டிவிட முடியாது. மகள் ஏட்டில் விடை காண, தாய் தரையில் அதனைச் சரிபார்க்கிறாள். கோலத்திற்குள் கணிதம் உண்டு என்பது என் கற்பனையுமன்று. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் இணைந்து 1974-இல் கோலங்களின் இலக்கணம் பற்றிய கணித ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டுள்ளனர். அக்கட்டுரை உலக ஆய்வாளரின் கவனத்தை நம் வாசற்கோலத்தின்பால் ஈர்த்தது.

அடுத்து அடைப்புக்குறி. பிள்ளைகள் இடறி விழும் இடங்களில் இதுவே முதன்மையானது. மாமல்லபுரத்துக் கடைகளில் சிப்பி மாலைகள் தொங்குவதைக் காண்கிறோம். ஒவ்வொரு மாலையிலும் ந சிறு சிப்பிகளும் 2 பெருஞ்சிப்பிகளும் இருந்தால், மூன்று மாலைகளில் உள்ள சிப்பிகள் 3(ந + 2). பிள்ளை அடைப்பை நீக்கும்போது 3ந + 2 என்று எழுதிவிடும். மூன்று, முதல் உறுப்பை மட்டும் பெருக்கிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. “மூன்று மாலைக்கும் சேர்த்துப் பெருஞ்சிப்பி இரண்டுதானா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். 3ந + 6 என்று அதுவே திருத்திக்கொள்ளும். அடைப்புக்குறி என்பது ஒரு கட்டு. கட்டை மும்மடங்காக்கினால் உள்ளிருக்கும் அனைத்தும் மும்மடங்காகும்.

அடைப்பின் முன்னே கழித்தற்குறி நின்றுவிட்டால் இடர் இன்னும் பெரிது. செங்கற்பட்டுக் கடைத்தெருவில் ப ரூபாய்க்கு மளிகை வாங்குகிறோம். கடைக்காரர் 3 ரூபாய் தள்ளுபடி செய்கிறார். நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தால் மீதி எவ்வளவு? 100 − (ப − 3). அடைப்பை நீக்கிப் பிள்ளை எழுதுவது 100 − ப − 3. ப என்பது 40 என்று கொள்வோம். தள்ளுபடி போக நாம் தரவேண்டியது 37, மீதி 63. பிள்ளையின் விடைப்படி மீதி 57. கையில் ஆறு ரூபாய் குறைகிறது. தள்ளுபடி என்பது நமக்கு வரவு. அதையும் செலவாக எழுதிவிட்டதே பிழை. 100 − ப + 3, அதாவது 103 − ப என்பதே சரி. ‘அடைப்புக்கு முன் கழித்தற்குறி இருந்தால் உள்ளே குறிகள் மாறும்’ என்னும் விதியைப் பத்து முறை மனப்பாடம் செய்த பிள்ளை பதினோராவது முறை மறந்துவிடலாம். ஆறு ரூபாய் இழந்த பிள்ளை எளிதில் மறவாது.

இதற்கும் நெடிய மரபு உண்டு. 628-இல் பிரம்மகுப்தர் தம் பிராம்மஸ்புட சித்தாந்தத்தில் மிகை எண்களைச் செல்வம் என்றும் குறை எண்களைக் கடன் என்றும் பெயரிட்டு, அவற்றைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் வகுத்தார். சுழியிலிருந்து கடனைக் கழித்தால் செல்வமாகும் என்பது அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ 630-இல் மாமல்லன் எனப்படும் முதலாம் நரசிம்மவர்மன் காஞ்சியில் அரியணை ஏறினான். இக்கடற்கரை ஊர் மாமல்லபுரம் என்னும் பெயரைப் பெற்ற அதே தலைமுறையில் வடக்கே இக்குறி விதிகள் எழுதப்பட்டன என்று எண்ணும்போது, நம் பிள்ளையின் ஏட்டில் உள்ள ஒரு சிறு கோட்டிற்கு எத்துணை வயது என்பது விளங்கும். ஏறத்தாழ 820-இல் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரில் வரும் ‘அல்-ஜபர்’ என்ற சொல்லே ஆங்கிலத்தில் அல்ஜீப்ரா ஆயிற்று. முறிந்ததைப் பொருத்திச் சீராக்குதல் என்பது அச்சொல்லின் பொருள்.

மூன்றாவது இடறல் ‘அடித்துவிடுதல்’. மேலே ஓர் எண், கீழே ஓர் எண் கண்டவுடன் இரண்டையும் கோடிட்டு அடித்துவிடுவதில் பிள்ளைகளுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. (2ந + 6) ÷ 2 என்னும் கணக்கில் முன்னுள்ள 2-ஐயும் கீழுள்ள 2-ஐயும் அடித்துவிட்டு ந + 6 என்று எழுதுவர். மீண்டும் மீன்கூடைக்கு வருவோம். இரண்டு கூடைகளும் ஆறு மீன்களும் உள்ளன. அண்ணன் தம்பி இருவரும் பங்கிட்டுக் கொள்கின்றனர். ஆளுக்கு ஒரு கூடை சரி. ஆளுக்கு ஆறு தனி மீன்கள் எங்கிருந்து வரும்? மூன்றுதான் வரும். ந + 3 என்பதே விடை. வகுத்தல் என்பது பங்கீடு. பங்கீட்டில் எந்த உறுப்பும் விலகி நிற்க முடியாது.

மேற்சொன்ன எல்லா எடுத்துக்காட்டுகளிலும் நாம் செய்தது ஒன்றே. எழுத்தின் இடத்தில் ஓர் எண்ணை இட்டு, வினாவின் மதிப்பும் விடையின் மதிப்பும் ஒன்றாக உள்ளனவா என்று பார்த்தோம். கூட்டல், கழித்தல், பெருக்கல் மட்டுமே அறிந்தவருக்கும் இச்சோதனை கைகூடும். எனினும் இதில் சில எச்சரிக்கைகள் தேவை. 0, 1, 2 ஆகிய எண்களை இட்டுச் சோதிப்பது நன்றன்று. ந + ந என்பது 2ந. ந × ந என்பது ந². இவ்விரண்டும் வேறானவை. ஆயினும் ந-வுக்கு 2 இட்டால் இரண்டும் 4. 0 இட்டால் இரண்டும் 0. 5 இட்டுப் பாருங்கள்: ஒன்று 10, மற்றது 25. பொய் வெளிப்பட்டுவிடும். இரண்டு எழுத்துகள் வந்தால் இரண்டிற்கும் வெவ்வேறு எண்களை இடவேண்டும்.

மதிப்புகள் வேறுபட்டால் விடை தவறு என்பது உறுதி. ஒருமுறை ஒத்துவந்தால் மட்டும் விடை சரி என்று உறுதி சொல்லிவிட முடியாது, தற்செயலாகவும் ஒத்துவரலாம். ஆதலின் இன்னொரு எண்ணையும் இட்டுப் பார்க்கவேண்டும். ஒரே எழுத்து, அடுக்கு எதுவுமின்றி வரும் கோவைகளாயின், இரண்டு வெவ்வேறு எண்களுக்கு மதிப்பு ஒத்துவந்தாலே எல்லா எண்களுக்கும் ஒத்துவரும். எழுத்தின் இரண்டாம் அடுக்கு வரையில் வந்தால் மூன்று எண்கள் வேண்டும். இது நம்பத்தக்க கணித உண்மை.

மதிப்பு ஒத்து வந்தும் விடை முடியாமல் நிற்பது உண்டு. 2ந + 3ந + 4 என்று நிறுத்திவிட்டால் மதிப்பு சரியே; ஆனால் சேரவேண்டியவை இன்னும் சேரவில்லை. ஆகவே இரண்டு கேள்விகள்: மதிப்பு மாறவில்லையே? சேரத்தக்கது எதுவும் மீதி இல்லையே? இவ்விரண்டிற்கும் விடை கிடைத்தால் ஏட்டை மூடலாம்.

இனி, உதவி செய்யும் முறை பற்றிச் சில சொற்கள். இக்காலத்தில் கணக்கைக் கைப்பேசிக்குக் காட்டினால் விடை மட்டுமன்றி, வழிமுறையும் வரிவரியாக வந்துவிடுகிறது. விடை இன்று அரிய பொருளன்று. ஆகவே விடையைச் சொல்லிக்கொடுப்பதை இனி உதவி என்று கூறுவதற்கில்லை. பிள்ளையின் அருகில் அமர்ந்து, அது சொல்வதைக் கேட்பதே உதவி. “இந்த எழுத்து எதன் எண்ணிக்கை?” என்று கேளுங்கள். “அடுத்த வரிக்கு எப்படி வந்தாய்?” என்று கேளுங்கள். பதில் உங்களுக்குத் தெரியாது என்பது குறையன்று. அதுவே ஒரு வகையில் நன்மை. தெரியாதவருக்கு விளக்கிச் சொல்லும்போது பிள்ளைக்குத் தன் பிழை தானே தென்படுவதை வகுப்பறையில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

தவறான வரியை அழிப்பான் கொண்டு அழிக்க விடாதீர்கள். ஒரு கோடு மட்டும் இழுத்து, கீழே திருத்தி எழுதச் சொல்லுங்கள். அந்த வரியைப் பார்த்துத்தான் மறுநாள் ஆசிரியர் பிள்ளை எங்கே வழி தவறியது என்று அறிவார். துப்புரவான ஏடு ஆசிரியருக்கு எதையும் சொல்லாது. பத்துக் கணக்குகளை நள்ளிரவு வரை செய்விப்பதைவிட, மூன்று கணக்குகளைச் சோதித்துப் பார்த்துச் செய்விப்பது மேல். “இதுகூடத் தெரியவில்லையா?” என்னும் சொல்லை எக்காரணம்கொண்டும் சொல்லாதிருங்கள்.

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் நெடுநாள் மூடிக்கிடந்தபின், 2021 அக்டோபரில் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. தெருவிலுள்ள இளைஞரும் இளம்பெண்டிரும் தன்னார்வலராய் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்தனர். பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையே உள்ள மாலைப்பொழுதும் கல்விக்கு உரியது என்பதை நாடு உணர்ந்ததற்கு அஃது ஒரு சான்று. அம்மாலைப்பொழுதில் பெற்றோருக்கும் ஓர் இடம் உண்டு என்பதே என் வாதம்.

இறுதியாக, செலவில்லாத ஒரு பயிற்சியைச் சொல்லி முடிக்கிறேன். சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணித ஆசிரியராய் விளங்கியவர் பி. கே. சீனிவாசன். அவர் 1924 முதல் 2005 வரை வாழ்ந்தவர். 1968-இல் இராமானுஜன் நினைவு மலர்களைத் தொகுத்து வெளியிட்ட பெருமையும் அவருக்கு உண்டு. காலண்டரைக் கொண்டு எண் விளையாட்டுகள் செய்வது பற்றி அவர் ஒரு நூலே எழுதியுள்ளார். அவர் காட்டிய வழியில், உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வரிசை, மூன்று நாள் எனச் சதுரமாக ஒன்பது தேதிகளைக் கட்டமிடுங்கள். நடுத்தேதி 16 என்றால் ஒன்பதின் கூட்டுத்தொகை 144. அதாவது 16-இன் ஒன்பது மடங்கு. நடுத்தேதியை ந என்று வைத்தால் சுற்றிலும் ந − 8, ந − 7, ந − 6, ந − 1, ந + 1, ந + 6, ந + 7, ந + 8 என வரும். எல்லாவற்றையும் கூட்டினால் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, 9ந மட்டும் நிற்கும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்னொன்று. இரண்டு வரிசையில் நான்கு தேதிகளைக் கட்டமிடச் சொல்லுங்கள்: 10, 11, அவற்றின் கீழ் 17, 18. குறுக்காகப் பெருக்கினால் 10 × 18 = 180; 11 × 17 = 187. வேறுபாடு 7. வேறு நான்கு தேதிகளை எடுத்தாலும் வேறுபாடு 7-தான். ஏன்? முதல் தேதி ந என்றால் ஒரு பெருக்கல் ந(ந + 8), அதாவது ந² + 8ந. மற்றது (ந + 1)(ந + 7), அதாவது ந² + 7ந + ந + 7. ஒத்தவற்றைச் சேர்த்தால் ந² + 8ந + 7. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் எழுத்துகள் யாவும் மறைந்து 7 மட்டும் நிற்கிறது. வாரத்திற்கு ஏழு நாட்கள் என்பதால் வந்த ஏழு அது. எந்த மாதத்தை எடுத்தாலும், எந்த ஆண்டை எடுத்தாலும் அது மாறாது. அத்தனை காலண்டர்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க ஒருவராலும் இயலாது. நான்கு வரிச் சுருக்கத்தால் ஓர் எட்டாம் வகுப்புப் பிள்ளை அதனை நிலைநாட்டிவிடுகிறது.

இதைச் செய்துகாட்டிய பிள்ளை, விடை சரியா என்று ஆசிரியர் முகத்தையோ நூலின் கடைசிப் பக்கத்தையோ பார்க்காது, காலண்டரைப் பார்க்கும். உண்மையைத் தானே சோதித்தறியும் அப்பழக்கம் கணக்கோடு நின்றுவிடாமல் வாழ்க்கைக்கும் துணையாகும். ஆகவே பெற்றோர்களே, இன்று மாலை பிள்ளை கணக்கு ஏட்டைத் திறக்கும்போது எழுந்து செல்லாதீர்கள். ஒரு மாதக் காலண்டரும் ஒரு துண்டுத் தாளும் எடுத்துக்கொண்டு அருகில் அமருங்கள். “ந-வுக்கு ஐந்து போட்டுப் பார்ப்போமா?” என்று கேட்டுத் தொடங்குங்கள்.